இலவசக் காவற்காரன்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு மகாநாடு கூடிற்று. அக்கிராசனம் வகித்தவள் என் மனைவி. பிரதிநிதிகளாக வந்திருந்தவர்கள், பத்தாம் வகுப்பு வாசிக்கும் என் மகளும், தாலுகா ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று அடுத்த வீட்டில் வசிக்கும் நண்பரும். விவாதத்துக்கு வந்த விஷயம் இதுதான்: வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் என்று வருஷந்தோறும் பணம் கட்டத்தான் வேண்டுமா? இலவசமாகக் கிடைப்பதைக் கொண்டே காலந்தள்ள முடியாதா?

இம்மகாநாட்டில் எனக்கு அளிக்கப்பட்ட ஸ்தானம் என்னவென்று நேயர்கள் கேட்கக்கூடும். வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்; குற்றவாளிக் கூண்டுதான். இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விசாரித்து வந்தவனை அன்று என் வீட்டார் விசாரித்தார்கள். விசாரணைக்குக் காரணமான குற்றத்தை முதலில் சொல்லிவிட்டால், பிறகு நான் சொல்லப்போகும் யோசனைகளுக்கு நேயர்கள் எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதைத் தாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

மூன்று வருஷங்களுக்கு முன்பு, அரைப் பரீட்சை சமயம். வினாத்தாளை அச்சடிப்பதற்காக ஒரு பென்-டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அந்தப் பென்-டிரைவில் வினாத்தாள் மட்டுமா இருந்தது? ‘அம்மா’ என்று பெயரிட்ட ஓர் உறையும் இருந்தது. காலஞ்சென்ற என் தாயாரின் புகைப்படங்கள் சிலவும், அவள் தன் பேத்திக்கு நரியும் நண்டும் கதை சொன்னபோது என் பழைய டெலிபோனில் பதிவு செய்த பதினோரு நிமிஷக் குரலும் அதில் இருந்தன. அந்த டெலிபோன் கெட்டுப் போகுமுன், “பத்திரமாக இருக்கட்டும்” என்று நானேதான் அவற்றைப் பென்-டிரைவுக்கு மாற்றினேன். வேறு பிரதி கிடையாது. பத்திரப்படுத்துவது என்றால் இடம் மாற்றுவது என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

வீட்டுக்கு வந்து பென்-டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகினேன். ஒவ்வோர் உறையின் மூலையிலும் ஒரு சின்ன அம்புக்குறி முளைத்திருந்தது. ஏதோ புது அலங்காரம் போலிருக்கிறது என்று எண்ணி, ‘அம்மா’ என்பதன்மேல் இரண்டு தட்டுத் தட்டினேன். உறை திறக்கவில்லை. கறுப்பாக ஒரு சிறு ஜன்னல் தோன்றிக் கண் இமைக்கும் நேரத்தில் மறைந்தது. அந்தக் கணத்தில் என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் நோய் தொற்றியது.

மறுநாள் ஆசிரியர் அறையில் இதைப் பிரஸ்தாபித்தேன். எல்லாம் அறிந்த ஒருவர் எந்த ஆசிரியர் அறையிலும் இருப்பார் அல்லவா? எங்கள் பள்ளியிலும் இருந்தார். “ஸார், இது ஷார்ட்கட் வைரஸ். உள்ளே இருந்ததெல்லாம் போயே போய்விட்டது. பேசாமல் ஃபார்மட் செய்துவிடுங்கள்” என்றார். நானும் பாத்திரம் துலக்குவதுபோல் அதைத் துலக்கி வைத்தேன். அன்றிரவே புதிய வினாத்தாள்களையும் மதிப்பெண் பட்டியல்களையும் அதில் நிரப்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, கம்ப்யூட்டர் உத்தியோகத்திலிருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் பார்க்க வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வாடியது. “ஸார், அந்த வைரஸ் ஒன்றையும் அழிக்கிறதில்லை. நிஜமான உறைகளை ஒளித்து வைத்துவிட்டு, அதே பெயரில் போலியை வாசலில் நிறுத்திவிடுகிறது. வைரஸைத் துடைத்துவிட்டு ஒளிந்ததை வெளியே வரச் சொல்லியிருந்தால் எல்லாம் அப்படியே வந்திருக்கும். ஃபார்மட் செய்த பிறகுகூட, மேலே வேறெதையும் எழுதாமல் என்னிடம் கொடுத்திருந்தீர்களானால் மீட்டுப் பார்த்திருப்பேன்” என்றான்.

ஆக, என் தாயின் குரலை அழித்தது வைரஸ் அல்ல. அதை அழித்தது என் கை. அறியாமையும் அவசரமும் சேர்ந்தால் எந்தத் திருடனும் செய்யாத நஷ்டத்தை வீட்டுக்காரனே செய்துகொள்ள முடியும் என்பதற்கு நானே சாட்சி.

* * *

நிற்க. இந்த வைரஸ் என்பதுதான் என்ன? காய்ச்சலை உண்டாக்கும் கிருமிக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் தவிர ரத்த சம்பந்தம் ஒன்றுமில்லை. இதுவும் மனிதன் எழுதிய ஒரு புரோகிராமே. மற்ற புரோகிராம்கள் நமக்கு ஊழியம் செய்கின்றன. இது தன்னை எழுதியவனுக்கு ஊழியம் செய்கிறது. தன்னைத் தானே பிரதி எடுத்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவதால், 1980-களின் நடுவில் ஃபிரெட் கோஹன் என்ற அமெரிக்க மாணவர் தம் ஆராய்ச்சியில் இதற்கு இப்பெயரை வழங்கினார். பெயரை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய ஆசிரியர் லெனார்ட் ஆடில்மன். ஆசிரியர்கள் உலகத்துக்குச் செய்துவரும் உபகாரங்களில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாமா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது!

1986-ஆம் வருஷத்தில் லாகூர் நகரத்துச் சகோதரர் இருவர் ‘பிரெயின்’ என்ற வைரஸை எழுதினார்கள். ஐ.பி.எம். ஜாதிக் கம்ப்யூட்டர்களைப் பீடித்த முதல் வைரஸ் என்று சரித்திரத்தில் இடம் பெற்றிருப்பது இதுதான். தாங்கள் எழுதிய வைத்திய சம்பந்தமான புரோகிராமைப் பிறர் திருட்டுத்தனமாகப் பிரதி எடுப்பதைத் தடுக்கவே அதைச் செய்ததாக அவர்கள் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், விலாசம், டெலிபோன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து மரியாதை அப்படி!

இந்தக் காலத்தவர்கள் விலாசம் எழுதுவதில்லை. ஓலை மட்டும் அனுப்புகிறார்கள். 2017-ஆம் வருஷம் மே மாதம் 12-ஆம் தேதி ‘வான்னக்ரை’ என்ற பீடை சுமார் 150 நாடுகளில் பரவிற்று. கம்ப்யூட்டரிலுள்ள தஸ்தாவேஜுகளை எல்லாம் பூட்டிவிட்டு, “300 டாலர் கொடுத்தால் சாவி” என்று திரையில் எழுதிக் காட்டியது. இங்கிலாந்தில் பல ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இதில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தப் பீடை நுழைந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோஸாஃப்ட் கம்பெனியார் அதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே, மார்ச்சு மாதத்தில், இலவசமாக வெளியிட்டிருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். “அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்ற பொத்தானை அமுக்கியவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள்.

* * *

இனி காவற்காரன் சமாசாரத்துக்கு வருவோம். ஆன்டிவைரஸ் எப்படிக் காவல் காக்கிறது? போலீஸ் ஸ்டேஷனில் பழைய கேடிகளின் படங்களை மாட்டி வைத்திருப்பார்கள் அல்லவா? அதுபோல, இதுவரை பிடிபட்ட வைரஸ்களின் அங்க அடையாளங்களை ஒரு பெரிய ஜாபிதாவாக வைத்துக்கொண்டு, உள்ளே வரும் ஒவ்வொரு கோப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பது முதல் வேலை. ஆனால் தினந்தோறும் புதுக் கேடிகள் கிளம்புகிறார்கள். ஆகையால் படம் இல்லாத ஆசாமியையும் நடத்தையைக் கொண்டு சந்தேகிப்பது இரண்டாவது வேலை. நள்ளிரவில் சுவரேறிக் குதிப்பவனிடம் அவன் பெயரைக் கேட்டா பிடிக்கிறோம்? மூன்றாவதாக, தனக்குத் தீர்மானமாகத் தெரியாதபோது இன்டர்நெட் வழியாகத் தலைமை நிலையத்தைக் கேட்டு உத்தரவு வாங்கிக்கொள்வது. இதனாலேயே ஜாபிதா அன்றாடம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்கிறார்கள். ஆறு மாதத்துப் பழைய ஜாபிதாவை வைத்திருக்கும் காவற்காரன் தூங்குகிற காவற்காரனுக்குச் சமானம்.

ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன கோஹன், எல்லா வைரஸ்களையும் பிழையின்றிக் கண்டுபிடிக்கும் முறை ஒன்று இருக்கவே முடியாது என்பதைக் கணித ரீதியாகவே நிரூபித்திருக்கிறார். ஆகவே, விலை கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி, “நூற்றுக்கு நூறு பத்திரம்” என்று யாராவது சொன்னால், சொல்பவர் வியாபாரி என்று அறிந்துகொள்ளலாம்.

“அப்படியானால் பணம் கொடுத்து என்ன பிரயோஜனம்?” என்று அடுத்த வீட்டு நண்பர் மகாநாட்டில் ஒரு கேள்வி போட்டார். நியாயமான கேள்வி. விலை கொடுப்பவர்களுக்குக் குழந்தைகளைக் கண்காணிக்கும் வசதி, கடவுச்சொற்களைச் சேமிக்கும் பெட்டி, கஷ்டம் நேர்ந்தால் பேச ஓர் ஆள் என்று பல உபசாரங்கள் உண்டு. ஆனால் கோப்புகளைச் சோதித்து வைரஸைத் தடுக்கும் மூல காரியத்தில், நல்ல கம்பெனிகள் இலவசப் பதிப்பிலும் விலைப் பதிப்பிலும் பெரும்பாலும் ஒரே யந்திரத்தைத்தான் வைக்கிறார்கள். சாதாரணக் குடும்பத்துக்கு இலவசக் காவற்காரனே போதும். சம்பளத்துக்குப் பதிலாக அவனுக்கு நாம் செலுத்த வேண்டியது கவனம்.

அதிலும் ஆச்சரியமான செய்தி என்னவென்றால், நம்மில் பெரும்பாலோர் வீட்டில் அந்தக் காவற்காரன் ஏற்கெனவே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். மைக்ரோஸாஃப்ட் கம்பெனியார் 2009-ஆம் வருஷத்தில் ஓர் ஆன்டிவைரஸைத் தனியாக இலவசமாகக் கொடுத்தார்கள். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது அதை விண்டோஸுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். ‘டிஃபெண்டர்’ என்பது அதன் பெயர். அது விழித்திருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். ஸ்டார்ட் பொத்தானை அமுக்கி ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று எழுத்துக் கூட்டினால் ஒரு ஜன்னல் திறக்கும். அதில் ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்’ என்ற பகுதிக்குப் பச்சை அடையாளம் இருந்தால் க்ஷேமம். உள்ளே சென்று ‘ரியல்-டைம் புரொடெக்ஷன்’ என்பது ‘ஆன்’ நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘புரொடெக்ஷன் அப்டேட்ஸ்’ என்ற இடத்தில் கடைசியாக ஜாபிதா புதுப்பிக்கப்பட்ட தேதி இருக்கும். அது நேற்றோ இன்றோ ஆக இருக்க வேண்டும்.

வேறு காவற்காரனே வேண்டும் என்பவர்களுக்கும் குறைவில்லை. 1988-இல் செக் தேசத்துப் பிராக் நகரில் தோன்றிய ‘அவாஸ்ட்’. அதே தேசத்தில் பிறந்து 2016-இல் அதனுடனேயே சேர்ந்துவிட்ட ‘ஏ.வி.ஜி.’, ஜெர்மனியின் ‘அவிரா’, ருமேனியாவின் ‘பிட்டிஃபெண்டர்’ ஆகியவற்றுக்கு இலவசப் பதிப்புகள் உண்டு. இவை பெரும்பாலும் சொந்த வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே இலவசம் என்பது நிபந்தனை. பள்ளி ஆபீஸிலும் கடையிலும் போட்டுக்கொள்வது முறையல்ல.

இலவசமாகக் கொடுப்பவனுக்கு என்ன லாபம் என்று கேட்பது நம் பாட்டிமார்கள் கற்றுக்கொடுத்த நல்ல வழக்கம். இன்று இலவசமாக எடுத்துக்கொண்டவர்களில் சிலர் நாளைக்கு விலைப் பதிப்பை வாங்குவார்கள் என்பது ஒரு லாபம். லக்ஷோபலக்ஷம் வீடுகளில் காவல் இருந்தால் புதுக் கேடிகள் எங்கே முளைத்தாலும் உடனே தகவல் கிடைக்கும் என்பது இன்னொரு லாபம். இவை இரண்டும் நேர்மையானவை. ஆனால் மூன்றாவது ஒன்றும் நடந்திருக்கிறது. மேற்படி அவாஸ்ட் கம்பெனியார், தங்கள் காவலில் இருந்தவர்கள் இன்டர்நெட்டில் எங்கெங்கே போய் என்னென்ன பார்த்தார்கள் என்ற விவரங்களைச் சேகரித்து, தங்கள் கிளை ஸ்தாபனம் ஒன்றின் மூலம் பிறருக்கு விற்றுவந்தது 2020-இல் அம்பலமாயிற்று. அந்தக் கிளையை உடனே மூடினார்கள். 2024-இல் அமெரிக்க ஸர்க்காரின் வர்த்தகக் கமிஷன் 165 லக்ஷம் டாலர் கட்டச் சொல்லி, இனி விளம்பரத்துக்காக அவ்விவரங்களை விற்கக் கூடாதென்றும் தடை விதித்தது. திருடனைத் தடுக்க வைத்த காவற்காரன் வீட்டுச் செய்தியைத் தெருவில் விற்றால் என்ன செய்வது? ஆகையால் எதைப் போட்டுக்கொண்டாலும், அதன் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘பிரைவஸி’ என்ற இடத்துக்குப் போய், நம் விவரங்களைப் பிறருடன் பகிர்ந்துகொள்ளச் சம்மதம் கேட்கும் இடங்களில் உள்ள அடையாளத்தை எடுத்துவிட வேண்டும்.

* * *

போட்டுக்கொள்ளும் முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, கம்பெனியின் சொந்த விலாசத்துக்கே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். தேடிப் பார்த்தால் முதலில் வரும் விடைகள் பல சமயம் பணம் கொடுத்து இடம் பிடித்த விளம்பரங்கள். அவற்றில் போலிக் கடைகளும் உண்டு. ஆன்டிவைரஸ் என்ற பெயரில் வைரஸையே வாங்கி வந்தவர்கள் அநேகர்.

இரண்டாவது, ஒவ்வொரு திரையையும் வாசித்த பிறகே ‘நெக்ஸ்ட்’ அமுக்க வேண்டும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையோடு கூட வருகிற உறவினர்போல, ஆன்டிவைரஸோடு கூடப் புதிய பிரௌஸர் ஒன்றும் வேறு சில்லறைகளும் உள்ளே வரப் பார்க்கும். முன்கூட்டியே அடையாளமிட்ட சிறு சதுரங்களை வெறுமையாக்கிவிட்டு மேலே செல்க. இலவசப் பதிப்புக்குக் கார்டு நம்பர் கேட்டால், அது இலவசம் அல்ல.

மூன்றாவது, ஒரு வீட்டுக்கு ஒரே காவற்காரன். இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒருங்கே விழித்திருந்தால் ஒன்றையொன்று திருடன் என்று சந்தேகித்துக் கம்ப்யூட்டரை ஆமையாக்கிவிடும். புதிதாக ஒன்றைப் போட்டதும் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். புதியதை நீக்கினால் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். வந்துவிட்டதா என்று நாம் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

நான்காவது, போட்டவுடன் ஜாபிதாவைப் புதுப்பித்து, ஒரு முறை ‘ஃபுல் ஸ்கேன்’ செய்துவிட வேண்டும். இதற்கு மணிக்கணக்கில் ஆகலாம்; சாப்பாட்டு வேளையில் ஆரம்பித்துவிடுங்கள். பிறகு வாரத்துக்கு ஒரு ‘குவிக் ஸ்கேன்’ போதும். எவ்வளவு துடைத்தும் பீடை மறுபடி மறுபடி தலைகாட்டினால், டிஃபெண்டரில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்று ஒன்று இருக்கிறது. அது கம்ப்யூட்டரை நிறுத்தி, விண்டோஸ் விழித்துக்கொள்ளுமுன்பே கால் மணி நேரம்போல் சோதனை நடத்தும். திருடன் எழுந்து ஒளிந்துகொள்ள அவகாசம் கிடையாது.

காவற்காரன் உண்மையிலேயே விழித்திருக்கிறானா என்று பரீட்சித்துப் பார்க்கவும் ஒரு வழி உண்டு. ‘ஐகார்’ என்ற ஐரோப்பிய ஸ்தாபனத்தின் பெயரால் 68 எழுத்துக்கள் கொண்ட ஒரு சிறு கோப்பு இருக்கிறது. அதனால் ஒரு தீங்கும் இல்லை. எல்லா ஆன்டிவைரஸ்களும் அதை வைரஸ் என்று கூவ வேண்டும் என்பது உலகத்து உடன்பாடு. நாடகத்துப் பூதம்போல! அதை அந்த ஸ்தாபனத்தின் பக்கத்திலிருந்து எடுக்கப் பார்த்தால் நம் காவற்காரன் பாய்ந்து பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அவன் தூங்குகிறான்.

பிடிபட்டதை என்ன செய்வது? ‘குவாரண்டைன்’ என்று கேட்கும். பிளேக் காலத்து முகாம்போலத் தனியே அடைத்து வைப்பது என்று பொருள். உடனே அழிப்பதைவிட இதுவே மேல். காவற்காரனும் சில சமயம் உத்தமனைப் பிடித்துவிடுவான். சந்தேகமிருந்தால் ‘வைரஸ்-டோட்டல்’ என்ற இலவசப் பரிசோதனைச் சாலை இன்டர்நெட்டில் இருக்கிறது. கொடுத்த கோப்பைப் பல ஆன்டிவைரஸ்களிடம் ஏக காலத்தில் காட்டி அபிப்பிராயம் கேட்டுச் சொல்லும். ஆனால் அங்கே கொடுத்ததைப் பிறரும் பார்க்க இடமுண்டு. ஆகையால் சொந்தக் கடிதங்களையும் பத்திரங்களையும் அங்கே அனுப்புவது கூடாது.

என்னைப்போல் அம்புக்குறி முளைத்த பென்-டிரைவோடு நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்பின்மேல் தட்டாதீர்கள். ஃபார்மட் செய்யாதீர்கள். முதலில் ஆன்டிவைரஸைக் கொண்டு பென்-டிரைவையும் கம்ப்யூட்டரையும் துடையுங்கள். பிறகு ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ என்ற இடத்தில், ஒளிந்திருக்கும் கோப்புகளைக் காட்டு என்பதற்கு அடையாளமிட்டு, ஸிஸ்டம் கோப்புகளை மறைத்து வை என்பதற்குள்ள அடையாளத்தை எடுத்துவிடுங்கள். மறைந்தவை மங்கலாகத் தோன்றும். அவற்றை வேறோர் இடத்துக்குப் பிரதி எடுத்துக்கொண்ட பிறகு, பென்-டிரைவை எது வேண்டுமானாலும் செய்யலாம்.

* * *

இந்தக் கட்டத்தில் அடுத்த வீட்டு நண்பர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவருக்கும் ஒரு கதை உண்டு. போன வருஷம் ஒரு நாள் அவர் செய்தி வாசித்துக்கொண்டிருக்கையில் திரை முழுதும் சிவந்து, சங்கு ஊதுவதுபோல் சத்தம் கிளம்பி, “உங்கள் கம்ப்யூட்டரில் 27 வைரஸ்கள்! உடனே இந்த நம்பருக்குப் பேசுங்கள்!” என்று அறிவிப்பு வந்தது. நண்பர் பேசினார். மறுபக்கத்து மனிதன் தேன் ஒழுகப் பேசி, ஏதோ ஒரு புரோகிராமைப் போடச் சொல்லி, அவருடைய கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்தே ஆட்டுவிக்க ஆரம்பித்தான். பாங்குக் கணக்கைத் திறக்கச் சொன்ன சமயத்தில், சமையலறையிலிருந்து வந்த அவருடைய சம்சாரம், “யாருங்க அது? எதுக்கு நம்ம பாங்குக் கணக்கு அவனுக்கு?” என்று கேட்டதோடு நில்லாமல், மின்சாரச் செருகியைப் பிடுங்கிவிட்டார். நான் அறிந்த ஆன்டிவைரஸ்களில் அந்த அம்மாளுக்கு நிகரானது எதுவுமில்லை!

உண்மையான ஆன்டிவைரஸ் ஒருநாளும் டெலிபோன் நம்பர் கொடுத்துக் கூப்பிடாது. இம்மாதிரி திரை தோன்றினால் பிரௌஸரை மூடிவிட வேண்டும். மூட முடியாவிட்டால் கம்ப்யூட்டரையே நிறுத்திவிடலாம். பணம் பறிபோய்விட்டால், தாமதிக்காமல் பாங்குக்கும், இந்திய ஸர்க்கார் வைத்திருக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். மணி கடக்கக் கடக்கப் பணம் கைமாறிவிடும். அன்றியும், 2017-ஆம் வருஷம் முதல் ‘ஸைபர் ஸ்வச்சதா கேந்திரம்’ என்ற ஸர்க்கார் நிலையம், பீடித்த கம்ப்யூட்டர்களைத் துடைக்கும் கருவிகளை இலவசமாக வழங்கி வருகிறது. நம் தேசத்து ‘ஸி-டாக்’ ஸ்தாபனத்தார் பென்-டிரைவ்களைக் கட்டுப்படுத்தச் செய்த ‘யு.எஸ்.பி. பிரதிரோத்’ என்ற கருவியும் அங்கே கிடைக்கும். இருப்பதை அறிந்து கேட்டு வாங்கிக்கொள்பவர்கள்தான் குறைவு.

கடைசியில் மகாநாடு ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானங்கள் பின்வருமாறு:

1. பணம் கட்டிய ஆன்டிவைரஸ் இந்த வருஷத்தோடு நிறுத்தப்படும். டிஃபெண்டரே போதும். மீதியாகும் தொகையில், பிரதி எடுத்து வைக்க ஒரு தனி டிஸ்க் வாங்கப்படும்.

2. விண்டோஸ் கேட்கும் ‘அப்டேட்’ அன்றே போடப்படும். விண்டோஸ் 10-க்குப் பொதுவான ஆதரவு 2025-ஆம் வருஷம் அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டபடியால், அடுத்த வீட்டு நண்பர் தம் கம்ப்யூட்டரைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இடிந்த சுவரைக் காவற்காரன் கட்டித் தரமாட்டான்.

3. விலையுள்ள புரோகிராமைத் திருட்டுத்தனமாக இலவசமாக்கித் தருகிற ‘கிராக்’ சமாசாரம் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. வைரஸ்கள் விரும்பி ஏறும் வாகனம் அது.

4. முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று தனி டிஸ்க்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே, இன்டர்நெட் சேமிப்பிலோ உறவினர் வீட்டிலோ. பிரதி எடுக்கும் நேரம் தவிர டிஸ்க் கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கலாகாது. பூட்டுகிற வைரஸ் வந்தால் இணைந்திருப்பதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

5. ஜெராக்ஸ் கடைக்கு வெறும் பென்-டிரைவில், அச்சடிக்க வேண்டிய கோப்பு மட்டுமே போகும்.

தீர்மானங்கள் நிறைவேறியபின் அக்கிராசனர் காபி கொண்டுவர எழுந்தாள். மகள் மாத்திரம் எழுந்திருக்கவில்லை. “அப்பா, பாட்டி கதையில் நரி பேசுகிறபோது ஒரு மாதிரி மூக்கால் பேசுவாளே, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?” என்றாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் என்னால் அப்படிப் பேசிக்காட்ட முடியவில்லை. அவளால் முடிந்தது. அன்றிரவு அவள் அந்தக் கதையை முழுதும் சொல்லித் தானே பதிவு செய்தாள். ஏழே நிமிஷந்தான் வந்தது. பாட்டிக்குப் பதினோரு நிமிஷம் பிடித்தது. நடுநடுவே வெற்றிலை போட்டுக்கொள்வாள்.

பதிவானதை மூன்று பிரதிகள் எடுத்து வைத்திருக்கிறோம். இது பாட்டியின் குரல் ஆகாது என்பது எனக்குத் தெரியும். நேயர்கள் வீட்டிலும் ஒரே பிரதியாக ஏதேனும் ஒன்று இருக்கக்கூடும். ஆன்டிவைரஸைப் பற்றி இன்று இரவு யோசித்து நாளைக்குத் தீர்மானிக்கலாம். அந்த ஒன்றுக்கு மட்டும், இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்ததும், இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள்.